‘கொஞ்சம் இளைச்சா நல்லா இருப்பே’: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு கல்லூரி மாணவி, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியதில் எடை குறைந்தது, ஆனால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று எழுதியிருந்தார், அதற்குப் பதில் சொல்லியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதே விஷயம்தான். உடம்பு, எடை, சாப்பாடு, அதைப் பற்றி வீட்டில் இருப்பவர்களும் ஊரில் இருப்பவர்களும் பேசும் பேச்சு. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டால், எழுந்ததும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருக்கிறாள். சாப்பிடாத பெண், ராத்திரியில் போனில் சமையல் வீடியோவாகப் பார்க்கிறாள். கேட்டால் எரிந்து விழுகிறாள். சொந்தக்காரர்கள் எல்லாம் "இளைச்சு அழகாயிட்டா" என்கிறார்கள், எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. வீணாகப் பயப்படுகிறேனா?
– ஒரு தாய், திண்டுக்கல்

இல்லைம்மா, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பாதியாகத் திரும்பும் டிபன் பாக்ஸ், சாப்பிட்டவுடன் பாத்ரூம், திறந்துவிட்ட குழாய், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பிள்ளை சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுகிறாளோ என்று சந்தேகப்படத்தான் வேண்டும். வேவு பார்க்க வேண்டாம், தலை வாரிவிடும்போதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ கவனித்தால் போதும். காதுக்குக் கீழே தாடை ஓரம் உப்பியிருக்கிறதா, விரல் முட்டிகளில் காய்ப்போ தழும்போ தெரிகிறதா, பல் கூசுகிறது என்கிறாளா, எல்லோரும் புழுக்கத்தில் விசிறிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்கிறாளா, மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். அடிக்கடி வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், அது குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பார்க்கத் தெம்பாக இருக்கிற பெண்ணுக்கும் இது நடக்கும். எலும்பும் தோலுமாக ஆனால்தான் ஆபத்து என்று காத்திருக்க வேண்டாம்.

அவளுடைய எரிச்சலையும் சமையல் வீடியோவையும் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதை யாராவது திமிர், அடம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். மனசாட்சிப்படி ஆயுதம் தூக்க மாட்டோம் என்று போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள், உடம்பும் மனசும் திடமாக இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதத்துக்கு அவர்களுடைய வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதிதான் கொடுக்கப்பட்டது. எடையில் கால்வாசி போயிற்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர்கள் மனசு போன போக்கு. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களை எடுத்துவைத்து வாசிப்பது, கொடுத்ததை மணிக்கணக்காகப் பிசைந்து பிசைந்து சாப்பிடுவது, தட்டை நக்குவது, கூட இருப்பவர்களிடம் எரிந்து விழுவது, தனியாக ஒதுங்குவது. ஆய்வு முடிந்து வேண்டிய மட்டும் சாப்பாடு கொடுத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை. இவர்கள் யாரும் ஒல்லியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இல்லை. உங்கள் மகளிடம் நீங்கள் பார்ப்பதில் பாதி அவள் குணம் கிடையாது, பசி செய்கிற வேலை.

எப்படிப் பேசுவது? சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம். "வாந்தியெடுக்கிறியா, உண்மையைச் சொல்லு" என்று ஆரம்பித்தால் அவள் இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வாள். இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது, "உனக்கு உடம்பு சரியில்லாத மாதிரி தெரியுது, எனக்குப் பயமா இருக்கு, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள். அவள் "பசிக்கலை, வயிறு உப்புசமா இருக்கு" என்பாள். நம் பிள்ளைகள் நிறையப் பேர் ‘குண்டாயிடுவேனோன்னு பயமா இருக்கு’ என்று சொல்வதில்லை, வயிற்றைத்தான் காரணம் சொல்வார்கள், அதைக் கேட்டு கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. அதனால் குழாய் விஷயத்தை நீங்கள் மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். முதலில் பொது மருத்துவர், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. அடுத்து மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். மயக்கம், படபடப்பு என்று எது வந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

"இளைச்சு அழகாயிட்டா" என்கிற சொந்தக்காரர்களை நீங்கள்தான் தடுக்க வேண்டும், அவளால் முடியாது. "அவ உடம்பைப் பத்திப் பேசாதீங்க சித்தி, வேற ஏதாவது கேளுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடுப்புச் சதையைப் பிடித்துப் பார்த்து அலுத்துக்கொள்கிற பழக்கம் இருந்தால், இந்தச் சமயத்தில் அதையும் விட்டுவிடுங்கள். சொல்லிக் கொடுப்பதைவிடப் பார்த்துத்தான் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. "பொண்ணு கொஞ்சம் இளைச்சா ஜோடிப் பொருத்தம் இன்னும் நல்லா இருக்கும்" என்று வருங்கால மாமியார் சொல்லிவிட்டார். 8 கிலோ குறைக்க டயட் பேக்கேஜ் ஒன்றுக்குப் பணம் கட்டச் சொல்கிறார் அம்மா. வேலைக்குப் போகிறேன், கை நிறையச் சம்பாதிக்கிறேன், ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.
– நாமக்கல்

பணம் கட்டாதீர்கள். ஒரு மாதத்தில் 8 கிலோ என்றால் வாரத்துக்கு 2 கிலோ. எடை குறைக்க வேண்டியவர்களுக்கே வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப் போனால் ஒரு கிலோ என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். அவசரமாகக் குறைவதில் பெரும்பகுதி தண்ணீரும் தசையும், மறுவீட்டு விருந்து முடிவதற்குள் அது திரும்பி வந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் மணமேடையில் மயங்கி விழுந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், காரணம் கேட்டால் புகை, பதற்றம் என்பார்கள், முந்தின நாளிலிருந்து அந்தப் பெண் ஒன்றுமே சாப்பிட்டிருக்க மாட்டாள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமியார் இருக்கிறார், அம்மா இருக்கிறார், கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கே அவரிடம் பேசுங்கள். "உங்க அம்மா இப்படிச் சொன்னாங்க, எனக்கு வருத்தமா இருந்துச்சு, நான் பட்டினி கிடக்கப் போறதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஜாக்கெட்டுக்கு இப்போது இருக்கிற உடம்புக்கே அளவு கொடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் காலத்தில் பெண்கள் உடம்பைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டதே இல்லை. டிவியும் செல்போனும் வந்த பிறகுதான் இந்த மேல்நாட்டு நோய் நமக்குத் தொற்றியது. சரிதானே?
– கும்பகோணம்

பாதி சரி ஐயா. பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜித் தீவில் தாட்டியான உடம்புதான் அழகு, யாராவது இளைத்துப் போனால் வீட்டில் சரியாகக் கவனிப்பதில்லையோ என்று ஊரே விசாரிக்கும். அங்கே ஒரு பகுதிக்கு 1995ல்தான் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த வருடமே பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார், எடை குறைப்பதற்காக வாந்தியெடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து அதே ஊரில் அதே வயது மாணவிகளிடம் கேட்டால் 11.3 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். டிவியில் வருகிறவர்கள் மாதிரி ஆக வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் வாய்விட்டே சொன்னார்கள். நம் ஊரில் 90களில் பூப்போல உப்பிய இட்லிக்குக் குஷ்பு இட்லி என்று ஆசையாகப் பெயர் வைத்தோம். இருபது வருடம்கூட ஆகவில்லை, 2008 வாக்கில் கரீனா கபூர் பெயரோடு ‘ஜீரோ சைஸ்’ வந்து இறங்கியது, அதே பூசினாற்போன்ற உடம்பு குறைபாடாகிவிட்டது. ஆகவே படங்களுக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எங்கள் காலத்தில் இல்லவே இல்லை என்கிறீர்களே, அதை மட்டும் ஏற்க முடியாது. வகுப்பில் ‘அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்’ சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். அதே கொன்றை வேந்தனில் நாலு வரி தள்ளி என்ன வருகிறது? ‘உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு.’ ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் கை கட்டி நின்று ராகமாக ஒப்பித்த வரி. அது அளவாகச் சாப்பிடச் சொல்வதுதானே என்று சமாதானம் சொல்வார்கள். அளவாகச் சாப்பிடு என்பதற்கு ஆத்திசூடியில் ‘மீதூண் விரும்பேல்’ இருக்கிறது, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இந்த வரி பெண்ணுக்கு மட்டும், அதையும் அழகு என்கிறது. இன்னும் பின்னால் போனால் நற்றிணையில் போதனார் பாடிய 110ஆம் பாட்டு. அப்பன் வீட்டில் பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை ஏந்திக்கொண்டு செவிலித் தாய் பின்னாலேயே ஓட, குடிக்க மாட்டேன் என்று பந்தலுக்குள் ஓடி விளையாடிய பெண், புருஷன் வீடு வறுமைப்பட்டதும் அப்பன் வீட்டுச் சோற்றை நினைக்காமல் ஒருபொழுது விட்டு ஒருபொழுது சாப்பிடுகிறாள். ‘பொழுது மறுத்து உண்ணும் சிறு மதுகையளே’ என்று முடிகிறது பாட்டு. அருமையான பாட்டு, எனக்குப் பிடித்த பாட்டும்கூட. ஆனால் பெண் வயிற்றைச் சுருக்கிக்கொண்டால் அதைப் பக்குவம் என்று மெச்சுகிற பழக்கம் நமக்கு எவ்வளவு பழையது என்பதும் அதிலேயே இருக்கிறது. பெண் குறைவாகச் சாப்பிடுவதே அழகு என்று போன் வந்து புதிதாகச் சொல்லவில்லை ஐயா. குடும்பத்துக்காகக் குறைத்துக்கொள் என்று இருந்தது, இப்போது போட்டோவுக்காகக் குறைத்துக்கொள் என்று ஆகியிருக்கிறது.

பெண்ணியம் என்றால் படிப்பு, வேலை, சொத்துரிமை என்று பேசுங்கள், புரிகிறது. சாப்பாட்டையும் எடையையும் ஏன் அதில் இழுக்கிறீர்கள்? அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம் இல்லையா?
– கோயம்புத்தூர்

மருத்துவக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம். மாதவிலக்கு, பிரசவம் என்று உடற்கூறு காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து என்றால் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் சொல்லியிருக்கிறது. அதிகம் தேவைப்படுகிறவளுக்கு அதிகம் கிடைக்கிறதா? உங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியைப் பாருங்கள். மீனில் நடுத்துண்டு யாருக்குப் போகிறது, தலையும் வாலும் யாருக்கு மிஞ்சுகிறது, வீட்டில் நாலு பேர், மூன்று முட்டை என்றால் முட்டை வேண்டாம் என்று சொல்வது யார்? இதை எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார்?

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 40.4 சதவீதம், அதற்கு முந்தின கணக்கெடுப்பில் 30.9. ஒரே மாநிலத்தில் பாதிக்கு மேல் ரத்தசோகை, ஐந்தில் இரண்டு பேருக்கு அதிக எடை, பல சமயம் ஒரே பெண்ணுக்கு இரண்டும். எப்படி என்று கேட்டால், கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு மிஞ்சுவது சோறும் ரசமும்தான். பருப்பு அடியில் கொஞ்சம், பொரியல் வழித்த பாத்திரம். பிள்ளை மிச்சம் வைத்த தோசை வீணாகக் கூடாது என்று அதுவும் இவள் வாய்க்குள்தான் போகிறது. வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை. அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து அவளையே குண்டு என்கிறோம்.

சொத்துரிமை பேசுங்கள் என்றீர்கள். 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், தமிழ்நாட்டில் அது சட்டமாக வந்தது 1989ல். அறுபது வருடம். நிலத்தில் பங்கு கேட்க நீதிமன்றம் இருக்கிறது, நடுத்துண்டு மீனில் பங்கு கேட்க வீட்டைவிட்டால் வேறு இடம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதரை ஆகும். கழிவறை மேல் மாடியில் ஒரே ஒன்று, அடிக்கடி போனால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. மத்தியானம் இருபது நிமிடத்தில் கொஞ்சம் சோறு. ஆனாலும் உடம்பு போட்டுக்கொண்டே போகிறது. சாப்பாட்டை இன்னும் குறைக்கவா?
– சென்னை

குறைக்காதீர்கள் தங்கச்சி. பகல் முழுக்க வயிற்றைக் காயப்போட்டால் ராத்திரி பத்து மணிக்கு மேல் மொத்தப் பசியும் சேர்ந்து வரும், அப்போது கிடைக்கிற பரோட்டாவையோ சோற்றையோ வேகமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பீர்கள். எடை ஏறுவதற்கு அது ஒரு காரணம். தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காலையில் கிளம்பும்போது நன்றாகச் சாப்பிடுங்கள், இரண்டு வேகவைத்த முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பையில் இருக்கட்டும், சாயங்காலம் டீ குடிக்கும்போது சாப்பிடலாம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீரை அடக்குவதும் நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும்.

மீதி எல்லாம் உங்கள் கையில் இல்லை, அதைச் சொல்லாமல் அறிவுரை மட்டும் சொன்னால் அநியாயம். நாள் முழுக்க நிற்க வைப்பதற்கு எதிராகக் கேரளப் பெண்கள் போராடி 2018ல் அங்கே சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலும் 2021ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் கடையில் இருக்கை இருக்கிறதா, இருந்தால் உட்கார விடுகிறார்களா? ஒருவராகக் கேட்க வேண்டாம், தளத்தில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து கேளுங்கள், கழிவறையையும் சேர்த்தே கேளுங்கள். மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

எனக்கு 44 வயது. சர்க்கரை எல்லையில் இருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்கிறார் டாக்டர். நான் பெண்கள் அமைப்பில் இருப்பவள், "உன் உடம்பு எப்படி இருந்தாலும் அதை நேசி" என்று மேடையில் பேசுகிறவள். இப்போது நானே டயட் இருந்தால் பேசியதற்குத் துரோகம் ஆகாதா?
– மதுரை

ஆகாது. ஊர் வாய்க்குப் பயந்து பட்டினி கிடப்பதும், இன்னும் நாற்பது வருடம் நன்றாக நடமாட வேண்டும் என்று சாப்பாட்டை மாற்றிக்கொள்வதும் எப்படி ஒன்றாகும்? நேசிக்கிற உடம்பைத்தானே கவனிப்போம்.

ஆனால் எடை இயந்திரத்தையே தெய்வமாக்க வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று டாக்டர்கள் போடுகிற பிஎம்ஐ கணக்கு 1830களில் குவெட்லே என்ற பெல்ஜியக் கணித அறிஞர் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று கண்டுபிடிக்கப் போட்டது, ஒரு தனி ஆளின் ஆரோக்கியத்தை அளக்க அவர் அதைச் செய்யவில்லை. நம் ஆட்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது, அதனால் இங்கே பிஎம்ஐ 23க்கு மேல் போனாலே கவனம் என்கிறார்கள். எடையோடு இடுப்பளவையும் பாருங்கள், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு உங்களைப் போலச் சர்க்கரை எல்லையில் இருந்தவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2006ல் வந்தது. தினமும் நடை, சாப்பாட்டில் மாற்றம், இந்த இரண்டால் மட்டும் சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் எடை பெரிதாகக் குறையாமலேயே. முள் அசையவில்லை என்று நடையை நிறுத்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நடக்க அரைமணி நேரம் வேண்டும். உங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பது நீங்களாகத்தான் இருக்கும். அந்த அரைமணி நேரத்துக்கு அடுப்பு யார் பொறுப்பு என்று இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். மேடையில் பேசுகிறவருக்கு வீட்டில் இதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருக்கும், தெரியும். கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் அதையும் சேர்த்துப் பேசலாம்.

கல்லூரி ஜிம்மில் வெயிட் தூக்க ஆசை. "கை காலெல்லாம் ஆம்பளை மாதிரி ஆயிடும், எவன் கட்டுவான்" என்கிறாள் பாட்டி.
– திருநெல்வேலி

ஆகாதும்மா. தசையை வளர்க்கிற டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஆணுக்கு இருக்கிற அளவு உன் உடம்பில் இல்லை, அத்தனை சீக்கிரம் புஜம் வந்துவிடாது. வந்தாலும் என்ன? எலும்பு பலமாகும், மாதவிலக்கு நின்ற பிறகு இடுப்பு எலும்பு உடையாமல் காப்பாற்றும், அது பாட்டிக்கே நன்றாகப் புரியும். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் யார் என்று பாட்டியிடம் சொல்லு. கர்ணம் மல்லேஸ்வரி, ஆந்திரா, 2000ல் சிட்னியில், பளு தூக்கித்தான். தூக்கிவிட்டு வந்து பட்டினி கிடக்காதே. சுண்டல், முட்டை, பருப்பு, எது முடியுமோ அதை வயிறாரச் சாப்பிடு.

என் மனைவி எங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத்தான் சாப்பிடுகிறாள். சேர்ந்து உட்காரச் சொன்னால் "தோசை சூடா இருந்தாத்தான் நல்லா இருக்கும், நீங்க சாப்பிடுங்க" என்பாள். ஹீமோகுளோபின் 8.6 என்று வந்திருக்கிறது. என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார், அவர் முன்னால் மனைவிக்குப் பரிந்து பேசினால் வேறு பிரச்சினை. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஓசூர்

உங்கள் கடிதம் எனக்குச் சந்தோஷம் தந்தது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு கணவர் தானாக எழுதுவது அபூர்வம்.

12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான், 8.6 என்பது சாப்பாட்டால் மட்டும் சரிசெய்கிற நிலை இல்லை. மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், நீங்களும் கூடப் போங்கள். மாதவிலக்கில் போக்கு அதிகமாக இருக்கிறதா என்று அவர் கேட்பார், உங்கள் மனைவி "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று சொல்லிவிடப் போகிறார், எத்தனை நாள், எத்தனை முறை நாப்கின் மாற்றுகிறார் என்று சரியாகச் சொல்லச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். வயிற்றுக் குமட்டல், கறுப்பாக மலம் போவது இதெல்லாம் இருக்கும், பயந்து நிறுத்திவிட வேண்டாம், குமட்டல் தாங்கவில்லை என்றால் வேறு மாத்திரை கேட்டு வாங்கலாம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இருந்தால் நன்றாகச் சேரும். எண் 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடாமல் மருத்துவர் சொல்கிற வரை தொடர வேண்டும், மூன்று மாதமாவது கூட ஆகும்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். "வந்து உட்காரு" என்று தட்டுக்கு முன்னால் இருந்து கூப்பிட்டால் அவர் வர மாட்டார், தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கிறதே. நீங்கள் எழுந்து போய்க் கரண்டியை வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று தோசை பிய்ந்துதான் வரும், அதை நீங்கள் சாப்பிடுங்கள். தோசை வார்க்கத் தெரியாது என்றால் ராத்திரிக்குச் சப்பாத்தியோ இட்லியோ போட்டு ஹாட் பாக்ஸில் வைத்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள், பாத்திரத்தை நடுவில் வைத்தால் அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

அம்மாவோடு சண்டை வேண்டாம். அவரும் இத்தனை வருடம் கடைசியாகச் சாப்பிட்டவராகத்தான் இருப்பார், அவர் ரத்தத்தையும் யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். மனைவியைக் கூட்டிப் போகிற அன்றைக்கே அவரையும் கூட்டிப் போய்ப் பாருங்கள், மருமகளுக்கு மட்டும் என்ற பேச்சே வராது. முட்டை வாங்கும்போது வீட்டில் இருக்கிற தலைகளை எண்ணி வாங்குங்கள், கீரையையும் பருப்பையும் பரிமாறும்போது அந்த இரண்டு பேர் தட்டில் முதலில் வையுங்கள், கேழ்வரகு, கொள்ளு, வேர்க்கடலை என்று மாற்றி மாற்றி வரட்டும், அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் ஒருநாள் ஈரல். மருத்துவர் சொல்கிற நாளில் ரத்தத்தை மறுபடி பரிசோதித்துவிட்டு இரண்டு பேருடைய எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.